பழையனூர் நீலியும் புதிய பகடையும்

பழங்கதைகளிலே வாழும் பேய்களையும் அரக்கர்களையும் புதியதொரு விளையாட்டின் விதிகளுக்குள் கொணர்வது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையில் ஆராயப் புகுந்த பொருள். தமிழ் பயிலும் மாணாக்கர் இத்தகைய பொருளை எடுத்துக்கொள்ளுதல் முறையோ எனச் சிலர் ஐயுறலாம். பேயைப் பற்றி எழுதுதல் கிறித்தவ மாணாக்கர்க்குத் தகுமோ என வேறு சிலர் ஐயுறலாம். மூலத்தைக் கெடுக்காமல் புதுவடிவிற் பெயர்த்தமைத்தல் ஒரு கலை. அக்கலையை நம் இலக்கண ஆசிரியர் நெடுங்காலத்திற்கு முன்பே வகுத்து வைத்துள்ளனர். இது முதல் ஐயத்திற்கு விடை. இரண்டாம் ஐயத்திற்கு விடை கட்டுரையின் போக்கில் விளங்கும்.

இவ்வாராய்ச்சி பிறந்த இடம் அண்ணனூர். சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் இடையே உள்ளது அவ்வூர். மின்சார ரயில்களுக்குரிய பணிமனை அருகிருத்தலின், இரவிலும் வண்டிகள் வந்து அடங்கும் ஓசை அங்கே கேட்கும். அவ்வூரில் நண்பர் ஒருவர் இல்லத்து மாடியில், விடுமுறை நாள் மாலைகளில், யாம் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து விளையாடுவதுண்டு. அவ்விளையாட்டினைப் பற்றி அறியாதார் பொருட்டு அதன் இயல்பை முதற்கண் சுருங்கக் கூறுவோம்.

ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை மேற்கொண்டு, "யான் கதவைத் திறக்கின்றேன்" என்றும், "யான் அம்முதியவரை வினவுகின்றேன்" என்றும் சொல்லாலேயே நடிப்பர். எண்ணிய செய்கை கைகூடுமா கூடாதா என்பதைப் பகடை முடிவு செய்யும். நாடகத்திற்போலப் பாத்திரங்கள் உள. ஆயின் எழுதிவைத்த உரையாடல் இல்லை. தாயத்திற்போலப் பகடை உண்டு. ஆயின் ஒருவர் வெல்ல மற்றவர் தோற்றல் என்பது இல்லை. அமெரிக்க நாட்டினராகிய கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பதே இவ்வகை ஆட்டத்திற்கு முதனூல். 1977ஆம் ஆண்டில் 'மான்ஸ்டர் மானுவல்' என்னும் விலங்கு-பேய்த் தொகுதி ஒன்று அதற்குத் துணைநூலாக வந்தது. கிரேக்க நாட்டுப் பாம்புக்கூந்தலாள் முதல் நம் நாட்டு அரக்கன் வரை பற்பல உயிர்கள் அதன்கண் எண்களாக வரையறுக்கப்பட்டு நிற்கின்றன. ஓர் உயிரை அடித்தல் எத்துணை அரிது என்பதைக் கவச எண்ணும், எத்துணை அடிகளைத் தாங்கும் என்பதை உயிர்ப்புள்ளியும் குறிக்கும்.

பின்னர் இவ்வாட்டத்தின் விதிகள் 1989, 2000, 2008, 2014ஆம் ஆண்டுகளில் புதுப்பதிப்புகளாக மாறின. 2024ஆம் ஆண்டில் மீண்டும் திருத்தம் பெற்றன. விதி மாறவே, பழைய பதிப்பில் வாழ்ந்த பேய் புதிய பதிப்பில் அப்படியே புகல் இயலாதாயிற்று. பழைய எண்ணை எங்ஙனம் புதிய எண்ணாக்குவது? எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது? இவ்வினாக்கள் உலகெங்கும் இவ்வாட்டம் ஆடுவோரை வருத்துவனவாம்.

தமிழ் மாணாக்கர்க்கு இவ்வினா புதிதன்று. தொல்காப்பியர் மரபியலில், முதனூலின்வழிப் பிறக்கும் நூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்தினார். நன்னூலாரும், மூலத்தின் பொருளுக்கு உடன்பட்டு, தமக்கு வேண்டும் மாறுதலையும் செய்துகொண்டு, மரபு அழியாமல் நடப்பதே வழிநூல் என்னும் கருத்தைத் தந்தார். மாறுதல் குற்றமன்று, மரபழிதலே குற்றம் என்பது இதனாற் பெறப்படும். ஆயின் ஒரு பேயின்கண் மரபாவது யாது? அதன் எண்ணா, உருவா, பெயரா, அன்றி இவற்றின் வேறாகிய ஒன்றா? இதனை முதலில் அவ்வாட்ட நூல்களிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டால் ஆராய்வோம்.

1977ஆம் ஆண்டுத் தொகுதியில் 'ராட்சசன்' என்னும் பெயரோடு நம் நாட்டு அரக்கன் இடம்பெற்றான். புலிமுகமும் செல்வர்க்குரிய ஆடையும் அவனுக்கு அமைந்தன. அவனது கவச எண் -4. அக்காலத்து விதிப்படி அவ்வெண் குறையக் குறையக் காப்பு மிகும். 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் இம்முறை தலைகீழாக்கப்பட்டு, எண் ஏற ஏறக் காப்பும் ஏறும் என்றாயிற்று. பழைய உயிர்களைப் புதுவிதிக்கு மாற்றுவோர்க்கென அவ்வாண்டிலேயே ஒரு சிறுநூலும் வெளியிடப்பட்டது. இருபதிலிருந்து பழைய எண்ணைக் கழித்தால் புதிய எண் கிடைக்கும் என்பது எளிய வாய்பாடு. அதன்படி அரக்கனுக்கு 24 வருதல் வேண்டும். ஆயின் 2000ஆம் ஆண்டு நூலாசிரியர் அவனுக்கு இட்ட எண் 21. 2014ஆம் ஆண்டு நூலில் அஃது இன்னும் தாழ்ந்து 16 ஆயிற்று. இதனாற் பிந்திய அரக்கன் எளியனாயினான் எனக் கருதலாகாது. முன்பு சராசரி 52 ஆக இருந்த அவனுயிர்ப்புள்ளி 2014இல் 110 ஆக உயர்ந்தது. எளிய வீரர் பலர் கூடினால் வலியவனையும் ஓரளவு தாக்க இயலுதல் வேண்டும் என்று கருதிப் புதிய விதியினர் கவச எண்களை ஒரு சிறு வரம்புக்குள் நிறுத்தினர். வலிமையை அடி தாங்கும் ஆற்றலில் வைத்துக் காட்டினர். ஆகலின், எண்ணுக்கு எண்ணை வாய்பாட்டால் மாற்றுதல் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தல் போல்வதாம். சொல் வந்துசேரும், பொருள் வழியிலேயே நின்றுவிடும். மரபு எண்ணில் இல்லை என்பது இதனால் தெளிவாகும்.

இனி, எண்கள் இங்ஙனம் மாறியும் மாறாது நின்றது யாது எனக் காண்போம். காண்பவர் நம்பும் உருவைக் கொண்டு எதிரே வருதலும், சிறிய மந்திரங்களுக்கு அடங்காமையும் 1977ஆம் ஆண்டு அரக்கனுக்கு உரியன. 2014ஆம் ஆண்டு அரக்கனுக்கும் உரியன. மாரீசன் பொன்மானாகி வந்ததையும், சூர்ப்பணகை அழகியாய் நடந்து வந்ததையும் கம்பர்வாய்க் கேட்ட நமக்கு, அரக்கனின் உயிர்நிலை இதுவே என்பது எளிதிற் புலனாகும். அயல்நாட்டார் எண்களைப் பன்முறை மாற்றியும் இவ்வுயிர்நிலையைக் கைவிட்டிலர். அது பாராட்டத்தக்கது.

ஆயினும், அவர் கைக்கொண்ட மற்றொன்று நம் மரபினதன்று. 1977ஆம் ஆண்டு நூலில், சமயகுரு ஒருவரால் ஆசி வழங்கப்பெற்ற அம்பு, விற்பொறியினின்று எய்யப்பட்டு அரக்கன்மேற் பட்டால் அவன் அக்கணமே மாள்வான் என்று ஒரு விதி உண்டு. வான்மீகியார் நூலிலோ கம்பர் நூலிலோ இத்தகைய பொதுவிதி யாண்டும் இல்லை. 1974ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'கோல்சாக்' என்னும் தொடர்க்கதை ஒன்றில்தான் அரக்கன் ஆசிபெற்ற அம்பினால் மாள்கின்றான். அவ்விதி 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலும் நின்றது. 2014இல், நல்லோர் கையிலுள்ள மந்திரப்படை குத்தினால் அவனுக்கு இருமடங்கு ஊறு விளையும் என மெலிந்தது. 2025ஆம் ஆண்டுத் தொகுதியிலும் ஆசிமந்திரம் பெற்றவர் குத்தும் படைக்கு அவன் இளைப்பவனாகவே உள்ளான். ஒரு தொலைக்காட்சிக் கதையின் கற்பனை ஐம்பது ஆண்டுகளில் பெயர்க்க முடியாத மரபாகிவிட்டது. ஏடு பெயர்த்து எழுதுவோர் இடையே செருகிய பாட்டு, நாளடைவில் மூலப்பாட்டாகவே மதிக்கப்படுதலை யாம் பாடவேறுபாட்டு வகுப்பில் அறிந்திருக்கின்றோம். இஃதும் அத்தகையதோர் இடைச்செருகலே. ஆகலின், பழம்பேயைப் புதுவிதிக்குப் பெயர்க்க விழைவோர் முந்திய பதிப்பை மட்டும் நோக்குதல் போதாது. அப்பதிப்புக்கும் முற்பட்ட மூலக்கதையை நோக்குதல் வேண்டும். அங்ஙனம் நோக்கினால், அரக்கர் குலம் முழுதும் தீயது என்று விளையாட்டு நூல் ஒரு சொல்லில் முடித்திருப்பதும் தவறென்று தோன்றும். வீடணனும் அரக்கனே அன்றோ?

பெயரைப் பற்றியும் ஒரு வரலாறு உண்டு. 1980ஆம் ஆண்டினை அடுத்துவந்த ஆண்டுகளில், இவ்விளையாட்டு இளைஞரைப் பேய்வழிபாட்டிற்கு இழுக்கின்றது என அமெரிக்கக் கிறித்தவப் பெற்றோர் பலர் அஞ்சினர். அவ்வச்சத்திற்கு இணங்கிய பதிப்பாளர், 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில், பேய் பிசாசு எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயர்களை நீக்கினர். பின்னர் அவ்வுயிர்களையே 'டனாரி', 'பாட்டெசு' என்னும் புனைபெயர்களோடு மீண்டும் புகுத்தினர். 2000ஆம் ஆண்டில் பழைய பெயர்களும் திரும்பி வந்தன. அப்பெற்றோரின் அச்சத்தை யாம் எள்ளுவதற்கில்லை. எம் இல்லங்களிலும் அவ்வச்சம் உண்டு. ஆயின் பெயரை மாற்றியதனால் அஞ்சினவர் அமைதி பெற்றாருமல்லர். ஆடினவர் ஒன்றை இழந்தாருமல்லர். பெயர் மரபின் ஒரு கூறேயன்றி மரபு முழுவதும் அன்று.

எண்ணும் மரபன்று, பெயரும் மரபன்று எனின், எஞ்சுவது யாது? இவ்வினாவிற்கு விடைதேடி யாம் அயல்நாட்டுக்குச் செல்ல வேண்டுவதில்லை. அண்ணனூர்வழிச் செல்லும் அவ்விருப்புப்பாதையிலேயே மேற்கு நோக்கிச் சென்றால் போதும். திருவள்ளூரைக் கடந்து, அரக்கோணத்திற்கு முன்னர், திருவாலங்காடு என்னும் நிலையம் வரும். அதனை அடுத்துள்ள பழையனூரே நீலி என்னும் பேயின் ஊர்.

நீலியின் கதை பலவாறாக வழங்கும். அவற்றின் பொதுவான சாரம் இது. மனைவியைக் காட்டிலே கொலைசெய்த ஒருவன் மறுபிறப்பில் வணிகனாகப் பிறந்தான். கொலையுண்டவள் நீலி என்னும் பேயானாள். தன்னைக் காக்கும் வாளொன்றைக் கையிலேந்தி அவ்வணிகன் பழையனூர் வந்தபோது, அவள் பெண்ணுருக் கொண்டு, கள்ளிக்கொம்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, "இவர் என் கணவர், என்னைக் கைவிட்டுச் செல்கின்றார்" என்று ஊரவைமுன் முறையிட்டாள். வணிகன் அஞ்சி மறுத்தான். அவையிலிருந்த வேளாளர் எழுபதின்மர் அவள் கண்ணீரை மெய்யென நம்பினர். வாளை நீக்கிவிட்டு அவளோடு தங்குமாறு அவனைப் பணித்து, "நினக்குத் தீங்கு நேரின் எங்கள் உயிரைத் தருவோம்" என்று வாக்களித்தனர். விடிந்தபோது வணிகன் மாண்டு கிடந்தான். எழுபதின்மரும் தீ மூட்டி அதனுட் புகுந்து சொன்ன சொல்லைக் காத்தனர். ஏழாம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தில் சுட்டுவது இந்நிகழ்ச்சியையே என்பர். உமாபதிசிவம் இயற்றிய சேக்கிழார் புராணமும் இவ்வேளாளரின் வாய்மையைப் போற்றுகின்றது.

இந்நீலியைப் புதுவிதிக்கு மாற்றியமைத்த முதல்வர் ஒரு சமண முனிவர் என்று யாம் கூறின் அது மிகையாகாது. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசியின் ஆசிரியரே அவர். அவர் பெயர் நமக்குக் கிடைத்திலது. பௌத்த நூலாகிய குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்த அந்நூலை, சமயதிவாகர வாமன முனிவர் உரையோடு பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936ஆம் ஆண்டில் பதிப்பித்தார். வடநாட்டில் சுடுகாடொன்றின் அருகே தவஞ்செய்த முனிச்சந்திரர் என்பார், காளிக்கு ஆடு பலியிட வந்தோரை உயிர்ப்பலி விலக்கி மண்ணுருக்களைப் படைக்கும்படி செய்தார். தன் பலி ஒழிந்ததற்குச் சினந்த காளி, அம்முனிவரை வெருட்டுதற்குத் தென்னாட்டுப் பழையனூரிலிருந்து நீலியை வருவித்தாள். நீலி அச்சுறுத்தினாள்; முனிவர் அசைந்திலர். அழகிய அரசிளங்குமரியாய் வந்து மயக்க முயன்றாள், முனிவர் மயங்கிலர். முடிவில் அவள் தன் பொய்யை ஒப்புக்கொண்டு, அறங்கேட்டு, கொல்லாமை பூண்டு, சமயவாதம் புரிபவளானாள். குண்டலகேசி முதலாகப் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர் ஆகிய பலரோடும் அவள் நிகழ்த்திய வாதங்களே அந்நூலின் பெரும்பகுதி. உடம்பின் வேறாக உயிரில்லை என்ற பூதவாதியின்முன், தன் பழைய பேய்வடிவத்தையே சான்றாகக் காட்டி அவனை நடுங்கச் செய்கின்றாள்.

இதனை உற்று நோக்குமின். சமணப்புலவர் விட்டவை எவை? கணவன்மேற்கொண்ட பகை, எழுபதின்மரின் தீப்பாய்தல், கள்ளிக்கொம்பாலாகிய குழந்தை. கொண்டவை எவை? பழையனூர் என்னும் ஊர், உருமாறும் வஞ்சம், அவைமுன் நின்று வழக்குரைக்கும் நாவன்மை. பழையனூர் அவையில் பொய்யை மெய்யாக்கிய நாவே பிறர் அவைகளில் வாதம் வென்ற நாவாயிற்று. வடிவுமாற்றம் அழிந்திலது, அதன் பயனே வேறாயிற்று. மேலும் அவர் தம் நூலுக்குப் புதுப்பெயர் இட்டார். தம் கொள்கை இஃதென்று மறையாது உரைத்தார். ஆகலின் அது வழிநூலாயிற்று, மூலத்தைத் திருடியதாகாது.

இவற்றினின்றும் யாம் கற்றுக்கொண்ட முறை ஒன்றுண்டு. பழம்பேயைப் புதுவிதிக்கு மாற்றுங்கால் நான்கு வினாக்களை இவ்வரிசையில் எழுப்புதல் வேண்டும். இது வந்த காரணம் யாது? எவ்வழியே நுழைகின்றது? எதற்கு அடங்குகின்றது? இம்மூன்றற்கும் விடை கண்டபின்னரே, எண்கள் யாவை? முதல் மூன்றும் மரபு. நான்காவது அவ்வப் பதிப்பிற்கு ஏற்ப மாறத்தக்கது. ஆடுவோர் பலர் நான்காவதிலிருந்தே தொடங்குகின்றனர். யாமும் அங்ஙனமே தொடங்கிப் பிழைபட்டோம். அதனை மறையாது ஈண்டு எழுதுகின்றோம்.

முதன்முறை நீலியை யாம் மேசைக்குக் கொணர்ந்தபோது, 2014ஆம் ஆண்டு விதிகளின்படி அவளுக்குக் கவச எண் 15, உயிர்ப்புள்ளி 90 என வகுத்து, கூரிய நகமும் அச்சுறுத்தும் குரலும் தந்து, ஆலங்காட்டில் நிறுத்தினோம். வீரர் நால்வரும் வாளும் வேலும் கொண்டு தாக்கினர். மூன்றாம் சுற்றில் அவள் வீழ்ந்தாள். ஆட்டம் கால்மணி நேரத்தில் முடிந்தது, ஆரவாரமும் எழுந்தது. அங்கே மாண்டது, நீலி என்று தலைப்பெழுதிய ஓர் எண்வரிசையே என்பதை யாம் அப்பொழுது உணர்ந்திலோம்.

எம் ஐவருள் ஒருவர் மட்டும் ஆரவாரத்திற் கலவாது வாளா இருந்தார். அவர் கன்னியாகுமரி மாவட்டத்தினின்றும் வந்து இங்குப் பயில்பவர். காரணம் வினவியபோது, "நீங்கள் வீழ்த்திய கதை எங்கள் ஊரில் இசக்கியம்மன் கதை. என் பாட்டி அவளுக்கு விளக்கேற்றாமல் உண்ணமாட்டார். நான் குழந்தையாய் நோயுற்றபோது அவளிடந்தான் நேர்ந்துகொண்டாராம்" என்று மெல்லச் சொன்னார். சினந்து சொன்னாரல்லர். ஆயினும் அன்று மாலை மீண்டும் பகடையை எடுக்க எவர்க்கும் கை எழவில்லை.

அவர் கூறியது மெய்யே. தென்மாவட்டங்களில் வில்லுப்பாட்டாகப் பாடப்பெறும் இசக்கியின் கதை நீலியின் கதையோடு பெரிதும் ஒத்தது. முப்பந்தலில் உள்ள இசக்கியம்மன் கோயிலுக்கு மக்கள் திரளாகச் செல்கின்றனர். வஞ்சித்துக் கொல்லப்பட்ட ஒரு பெண்ணை ஒரு பாட்டு பேய் என்றது. மற்றொரு பாட்டு தாய் என்றது. திருவாலங்காட்டிலேயே இதற்கு வேறொரு சான்றும் உண்டு. காரைக்காலம்மையார் தம் அழகிய உடலை உதறிப் பேய்வடிவை வேண்டிப் பெற்று, இறைவன் ஆடலைப் பாடியதும் அவ்வாலங்காட்டிலேதான். கலிங்கத்துப்பரணியிலோ பேய்கள் பசியால் வாடிக் கூழ்சமைத்து நம்மை நகைப்பிக்கின்றன. பேய் என்னும் ஒரு சொல் நம் மொழியில் கொலையையும் பத்தியையும் நகையையும் தாங்கி நிற்கின்றது. விளையாட்டு நூலில், இவ்வினம் தீயது என்று ஒரு கட்டத்தில் எழுதிவிட இயலாது.

இவ்விடத்தில், மிஷன் கல்லூரி மாணாக்கராகிய எம்மவரின் பழங்கணக்கையும் நோக்குதல் கடன். தரங்கம்பாடியில் இறைப்பணி செய்த சீகன்பால்கு ஐயர், இந்நாட்டு மக்களிடையே வாழ்ந்து அவர்களை வினவி, அவர்கள் வணங்கும் தெய்வங்களையும் ஊர்த்தேவதைகளையும் பற்றி 1713ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். அது 1867ஆம் ஆண்டிலேதான் சென்னையில் அச்சேறிற்று. கேட்டறிந்து எழுதுதல் என்னும் நன்முறைக்கு அந்நூல் சான்று. கால்டுவெல் ஐயர் 1849ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமை மக்களைப் பற்றி வெளியிட்ட சிறுநூலோ, அம்மக்களின் வழிபாட்டைப் பேய்வழிபாடு என்றே வகைப்படுத்திற்று. தம்மைப் பற்றி அந்நூல் கூறியவற்றால் அம்மக்கள் மனம் புண்பட்டனர். பின்னாளில் எதிர்ப்பும் எழுந்தது. தமிழுக்கு அவர் ஆற்றிய தொண்டை யாம் மறந்திலோம். ஆயினும், அயலார் இல்லத்துத் தெய்வத்தைக் கேளாமலே பேய்ப்பட்டியலில் எழுதிய கை எம் முன்னோர் கையே. அன்று மாலை அண்ணனூரில் பகடை உருட்டியதும் அக்கையே என எமக்குத் தோன்றிற்று.

எனவே இரண்டாம் முறை அந்நண்பரையே கதைநடத்துநராக வேண்டினோம். இசக்கி என்னும் பெயரும் அவள் கோயிலும் வழிபாடும் மேசைக்கு வாரா என்று முதலில் வரையறுத்தோம். நீலியையும் நான்கு வினாக்களின்வழியே புதிதாக அமைத்தோம்.

வந்த காரணம்: முற்பிறப்பில் நேர்ந்த கொலை. மறுபிறப்பு எம் சமயக் கொள்கையன்று. ஆயினும் அக்கதையுலகின் சட்டம் அதுவாதலின், அதனை நீக்க எமக்கு உரிமையில்லை என்று கொண்டோம். நுழையும் வழி: அவை. நீலி காட்டில் எவரையும் தாக்காள். ஊரார் கூடிய இடத்தில் முறையிடுவாள். அவள் பேசுங்கால் ஒவ்வொருவரும் இருபது முகப் பகடையை உருட்டுவர். குறைந்த எண் பெற்றவர்க்கு அவள் கண்ணீர் மெய்யெனத் தோன்றும். மிக்க எண் பெற்றவர்க்கு, குழந்தையிடம் கள்ளிப்பாலின் மணம் வீசுவது மட்டும் தெரியும். அதனைக் கொண்டு ஏனையோரைத் தெளிவித்தல் அவர்தம் சொல்வன்மையைப் பொறுத்தது. வணிகன் வாளை ஏந்தியிருக்குமளவும் நீலி அவனை அணுகாள். அவைக்கு அளித்த வாக்கு ஒரு தாளில் எழுதப்பட்டு மேசை நடுவே வைக்கப்படும். அடங்கும் வழி: அதனைக் கதைநடத்துநர் மட்டும் அறிவார். எண்கள்: உயிர்ப்புள்ளி எழுதினோமல்லோம், தேவைப்படவில்லை.

அன்றைய ஆட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. இருவர் கள்ளிமணத்தை உணர்ந்தும், அழும் பெண்ணை ஐயுறுதல் கொடுமை என ஏனையோர் வாதிட்டு வென்றனர். வணிகன் வாளை வைத்தான். வாக்கு தாளில் ஏறிற்று. மறுநாட் காலை அவன் மாண்டு கிடப்பதைக் கதைநடத்துநர் கூறியபோது, நால்வர் கண்ணும் மேசை நடுவே கிடந்த தாளின்மேற் சென்றன. "வஞ்சனையால் வாங்கிய வாக்கு வாக்காகுமா?" என்றார் ஒருவர். "வாங்கியவள் வஞ்சித்தாள், கொடுத்த நாம் வஞ்சித்தோமா?" என்றார் மற்றொருவர். நெடுநேரம் ஒருவரும் பேசிலர். பின்னர், ஓராண்டாகத் தாம் வளர்த்துவந்த வீரனின் குறிப்புத்தாளை எடுத்து, வாக்கெழுதிய தாளின்மேல் வைத்தார் ஒருவர். அதன்பின் ஒவ்வொருவராக வைத்தனர். பழையனூர் எழுபதின்மரைப் பாடநூலிற் படித்தபோது விளங்காத ஒன்று எமக்கு அப்பொழுது விளங்கிற்று.

ஆட்டம் முடிந்தபின், நீலி எதற்கு அடங்குவாள் என்று கதைநடத்துநரை வினவினோம். "முறையிட்ட பெண்ணை நோக்கி, 'அம்மா, உனக்கு நேர்ந்தது என்ன? முழுதும் சொல்' என்று எவரேனும் ஒருவர் கேட்டிருந்தால் போதும். அவள் வழக்கை முதலிலிருந்து சொல்லியிருப்பாள். அவையும் பழைய கொலையை விசாரிக்கத் தொடங்கியிருக்கும். நீங்கள் அவள் சொல் மெய்யா பொய்யா என்றே ஆராய்ந்தீர்கள், அவள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை" என்றார் அவர். இவ்விதி பழங்கதையில் இல்லை. அவர் சேர்த்த மாறுதலே. ஆயினும் மூலத்தின் காரணத்தினின்றே அது பிறந்தமையின், மரபழியாத மாறுதல் என்றே அதனைக் கொள்கின்றோம்.

அச்சொல் எமக்கு நற்செய்தி நூலை நினைவூட்டிற்று. கல்லறைகளினிடையே திரிந்த, சங்கிலியாலும் அடக்க இயலாத ஒருவனை நம் ஆண்டவர் எதிர்ப்பட்டபோது, அவன் பெயரை வினவினார். ஊரார் அவனைக் கட்ட முயன்றனரேயன்றி, வினவினதாகக் காணோம். முடிவில் அவன் ஆடையுடுத்துத் தெளிந்த அறிவோடு அமர்ந்திருந்தான். பேயைப் பற்றி எண்ணுதல் கிறித்தவர்க்குத் தகுமோ என்னும் ஐயத்திற்கு யாம் கண்ட விடை இதுவே. பேய் என்று ஊரார் பெயரிட்ட இடத்தில் துன்புற்ற ஒருவர் இருத்தல் கூடும். அவரைக் காணாது எண்ணை மட்டும் எழுதுதலே நாம் அஞ்சத்தக்கது.

ஆகலின், பழங்கதைப் பேய்களைப் புதிய ஆட்டத்திற்குக் கொணர விழையும் தோழர்கட்கு யாம் கூறுவது இது. மூலக்கதையைத் தேடிக் கற்றுக்கொள்ளுங்கள். இடைச்செருகலை மரபென மயங்காதீர்கள். காரணமும் வழியும் அடக்கமும் முன்னே நிற்க, எண்கள் பின்னே வரட்டும். மாற்றியதை மாற்றியதென்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். இன்றும் ஒருவர் இல்லத்தில் விளக்கேற்றி வணங்கப்பெறும் தெய்வமாயின், அவரைக் கேளாமல் பகடையைத் தொடாதீர்கள். அண்ணனூர் மாடியில் அவ்விரு தாள்களும், வாக்கும் வீரர் குறிப்பும், இன்னும் பிரிக்கப்படாமல் ஒரு பெட்டியில் உள்ளன. அடுத்த விடுமுறையில் நீலியின் வழக்கை முதலிலிருந்து கேட்பதாக இருக்கின்றோம்.